முந்நூறு டாலர் வரம்பு

டுலூத்தில் நவம்பர்.
ஏரிக்காற்று கதவைத் தள்ளிக்கொண்டு
எனக்கு முன்னால் கடன் சங்கத்துக்குள் நுழைந்தது.
கவுன்ட்டரில் பெய்டன்.
என் வயதுதான் இருக்கும்,
நகப்பூச்சு பாதி உரிந்திருந்தது.

ஐலா நீமி, என்று என் பேரைத் தட்டினாள்.
திரையைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.

இருபது வயதாகிறது,
யாரிடமும் பத்து டாலர்கூடக் கைமாற்று வாங்கியதில்லை.
பெருமையாகத்தான் சொன்னேன்.
அங்கே அது ஒரு குறை,
இன்னும் பல் முளைக்காத மாதிரி.
கடன் வாங்காதவளுக்குக் கடன் கிடையாது.

"முந்நூறு டாலர் கட்டினால்
முந்நூறு டாலர் வரைக்கும் அட்டை தருவோம்."
அது என் பணம்தானே?
"ஆமாம்."
அதை எனக்கே கடனாகத் தருவீர்களா?
"ஆமாம்."
தாமதமானால் வட்டியும் போடுவீர்களா?
மூன்றாவது ஆமாமை அவளால் சொல்ல முடியவில்லை,
இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு அவளுக்குத்தான் முதலில் நின்றது.
உன் பேரில் ஒரு பழைய பாக்கி இருக்கிறது, என்றாள்.
மின்சாரம்.
இருநூற்றுப் பன்னிரண்டு டாலர், எட்டு சென்ட்.
தேதியைப் படித்தாள்.
எனக்கு அப்போது பதினான்கு வயது.

அந்த மாடி வீடு எனக்குத் தெரியும்.
குளியலறைக் குழாய் உறைந்துபோகாமலிருக்க
இரவெல்லாம் சொட்டவிட்டு வைப்போம்.
அம்மா பேரில் இணைப்பு தர மறுத்துவிட்ட வருடம்.
என் ஒன்பது இலக்கங்களை எடுத்து
விளக்கைப் போட்டிருக்கிறாள்.

அந்த விளக்கில்தான் நான் அல்ஜீப்ரா போட்டேன்,
எக்ஸின் மதிப்பு என்ன, எக்ஸின் மதிப்பு என்ன என்று.
தம்பி ரைனோவின் ஆஸ்துமா மெஷின்
விடியவிடியக் கொர்ரென்று ஓடியது
அதே பாக்கியில்.

மூன்று வழி இருக்கிறது, என்றாள் பெய்டன்,
குரலைத் தாழ்த்தி.
போலீசில் எழுதிக் கொடுக்கலாம்,
"செய்தவர்" என்ற கட்டத்தில் ஒரு பெயர் வேண்டும்.
கட்டிவிடலாம்.
இல்லையென்றால் மார்ச் வரை பொறு,
ஏழு வருடமானால் தானாக உதிர்ந்துவிடும்.

கம்ப்யூட்டருக்கு மறதி ஏழு வருடம்.
எனக்கு எவ்வளவு என்று
எந்த அறிக்கையிலும் போடவில்லை.

படிவத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தேன்.
இன்னும் அங்கேதான் கிடக்கிறது,
ஓர் இருமல் மிட்டாய் ஒட்டிக்கொண்டு.

பதினோராம் நாள் அட்டை வந்தது.
புடைத்த எழுத்தில் என் பெயர்;
கண்ணை மூடிக்கொண்டு விரலால் படித்துப் பார்த்தேன்.
மாதம் ஒரு தடவை பெட்ரோல்,
பத்தொன்பது டாலர், அதற்கு மேல் ஒரு சென்ட் கிடையாது.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சம்பளம் போட்ட அன்றே
திருப்பிக் கட்டிவிடுவேன்.
காலைக்கடனும் கடன்தானே,
தவறினால்தான் ஊருக்குத் தெரியும்.

ஜனவரியில் என் மதிப்பெண் அறுநூற்றுப் பதினொன்று.
பிப்ரவரியில் அறுநூற்று நான்கு.
என்ன தப்பு செய்தேன் என்று போய்க் கேட்டேன்.
பெய்டன் தோளைக் குலுக்கினாள்.
அன்றைக்கு நூற்று நாற்பது போர்வை மடித்தேன்,
ஒன்றுகூடக் கோணவில்லை.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை,
பெட்ரோல் பங்கில் நிற்கும்போது அம்மா கூப்பிட்டாள்,
சூதாட்ட விடுதியின் சமையலறையிலிருந்து.
பின்னால் தட்டுகள் மோதும் சத்தம்.
"அட்டை வாங்கிட்டியாமே, ரைனோ சொன்னான்."

கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தேன்.
எவ்வளவு வரம்பு,
ஒரு நூறு மட்டும்,
வெள்ளிக்கிழமை தந்துவிடுகிறேன்.
இல்லை என்பதற்கு
வாயில் ஒரு சொல்லைத் தயாராக வைத்திருந்தேன்.

அவள் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் தட்டுகள் மட்டும்.
பிறகு,
"நம்பரை யாருக்கும் சொல்லாதே" என்றாள்.
"வீட்டு ஆட்களுக்குக்கூட."

சரி என்றேன்.
மீட்டரில் பதினெட்டு தொண்ணூறு.
கையை எடுப்பதற்குள்
பத்தொன்பது மூன்று ஆகியிருந்தது.