வெள்ளம் என்றொரு பட்டியல்

எட்டெழுத்துக்கு மேல் ஏற்காது இயந்திரம்.
கொக்கட்டிச்சோலை,
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்,
தமிழில் சரியாக எட்டு.
இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது.
'கொக்கு' என்று சுருக்கினேன்.
வாழைச்சேனை வாழையாயிற்று.
உன்னிச்சைக் குளத்து மீராலெவ்வைக்கு
'மதகு' என்று பெயர் வைத்தேன்;
அவருக்குச் சொல்லவில்லை.

பத்தொன்பது முகவரிகளையும் கோத்து
'வெள்ளம்' என்று பெயரிட்டேன்.
ஒரு சொல் தட்டினால் போதும்,
மட்டக்களப்புக் கச்சேரியிலிருந்து
எல்லாத் திரையிலும் பச்சை எழுத்து.

சும்மா ஒருக்கா அனுப்பிப் பார்த்தேன்:
"கிடைத்ததா?"

கிரானிலிருந்து பேரின்பம் உடனே:
"மாடுகளை மேட்டுக்கு ஏத்தியாச்சு.
எத்தனை அடி?"

மேலே இருந்த பெயரை மட்டும் வாசித்திருக்கிறார்.

பட்டியலை 'எல்லாரும்' என்று மாற்றினேன்.
மன்னிப்பும் தட்டிவிட்டு
சன்னலைப் பார்த்தேன்.
வாவிக்கு அப்பால் கறுத்துக்கொண்டு வந்தது.

அனுப்பவில்லை.