இருபத்து மூன்று செக்கன்

அதிகாலை இரண்டு நாற்பதுக்கு
ஃபோன் அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்புவரை ஊர்ந்துவிட்டது.
எங்கோ ஒரு செய்மதி காமா கதிர்களை எண்ணி முடித்திருக்கிறது:
இருபத்து மூன்று செக்கன்.
ஒரு நட்சத்திரம் தனக்குள்ளேயே விழுந்து முடிந்த சேதி
அவ்வளவு நேரம்தான் நீண்டது.

யன்னலைத் திறந்தேன்.
வெள்ளவத்தைக்கு மேலே மேகம்,
காலி வீதியின் வெளிச்சம் ஊறி
பழந்தேநீர்க் கறையாய்.
இந்த ஊரிலிருந்து யாரும் எதையும் அவதானிக்க முடியாது.
அதனால்தான் எனக்கு ரேடியோ அலைகளைத் தந்தார்கள்.
மேகம் அவற்றுக்குப் பொருட்டில்லை.
அவசரமும் இல்லை.

தொண்ணூறாம் செக்கனில் செய்மதி கழுத்தைத் திருப்பி
எக்ஸ் கதிரைப் பிடித்தது.
கட்புல ஒளி தென்னாபிரிக்க மேட்டுநிலத்தில் அகப்பட்டது,
பதின்மூன்று நிமிடம் பிந்தி.
மொரட்டுவையிலிருந்து மினோலி கூப்பிட்டாள்:
இறங்குகிறதாம்; நேரம் பத்து மடங்கானால்
வெளிச்சம் பத்திலொன்று.
நான் கத்திவிட்டேன்,
"அப்ப வெடிப்புத்தான், உறுதி!"

எதிர்வீட்டுக் கதவு ஒரு விரலகலம் திறந்தது.
அலோசியஸ் அங்கிள், சாரத்தை இடக்கையில் பொத்தியபடி.
"எங்க?"
இந்தத் தொடர்மாடியில் அந்தச் சொல்லை
இரவில், தமிழில், உரத்துச் சொல்லக்கூடாது.
எனக்கு முப்பத்தொரு வயது. மறந்துவிட்டேன்.
"எண்ணூறு கோடி வருசத்துக்கு முந்தி, அங்கிள்."
"அப்ப சரி" என்று தாளிட்டார்.

எட்டாம் நாள் ஒளி போனது.
பத்தொன்பதாம் நாள் எக்ஸ் கதிர்.
மற்றவர்கள் புதிய சாவுகளுக்குப் போய்விட்டார்கள்.
புனேக்கு அப்பால் முப்பது தட்டுகள் ஏந்தியதெல்லாம்
என் திரைக்கு வந்தது:
இரைச்சல், இரைச்சல், பின்னும் இரைச்சல்.

முப்பத்தாறாம் நாள்
பாண்காரரின் த்ரீவீல் அதே மெட்டோடு ஒழுங்கைக்குள் திரும்புகையில்
ஒரு புள்ளி எழுந்தது,
மேலும் கீழும் வழுக்கோட்டை நீட்டிக்கொண்டு.

அது ஒடுங்கிய தாரை.
நம் பக்கம் பார்த்து எரிந்ததால் கண்டோம்.
வேறெங்கோ பார்த்து எரிந்தவை
எந்தப் பட்டியலிலும் இல்லை.

லிஃப்டில் அங்கிளிடம் சொன்னேன்.
வலக்காதைத் திருப்பினார்.
இடக்காதில் ஒரு கூவல், மெல்லிசாய், விடாமல்:
கோட்டையில் வேலைசெய்த காலம்,
ஒரு புதன்கிழமைக் காலையிலிருந்து.
எத்தனை ஹேர்ட்ஸ் என்று நாக்குவரை வந்தது.
கேட்கவில்லை.

இரண்டையும் ஒரே வரைபில் நான் குறிக்கமாட்டேன்.
அச்சுகள் வேறு, அலகுகள் வேறு.
மூன்றாம் மாடியில் கதவு திறந்தபோது
அவர்தான் கேட்டார், "இன்னும் தெரியுதோ?"
"மங்கலாத்தான் அங்கிள்."
"ம்."

அன்றிரவே எழுதிப் போட்டேன்,
அறுபதாம் நாளுக்குத் தட்டுகளில் இரண்டு மணித்தியாலம் வேண்டுமென்று.
அனுப்பிவிட்டு, திரும்பத் திறந்து,
நூற்றிருபதாம் நாளுக்கும்.