சுழியத் தொலைவு

அபர்டீன். டிசம்பர். மூன்றரை மணிக்கே
கருங்கல் கட்டடங்கள் இருட்டை உடுத்தியாயிற்று.
மூன்றாம் மாடியில் ரோனா டதி
நூற்றுப் பன்னிரண்டு கடிதங்களைக்
கணினிக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள்.

எழுதியவள் இனா மட்ச்.
ஹெர்ரிங் குடல் எடுக்கும் வேலை.
படகுகள் தெற்கே போனால்
ரயிலேறி யார்மத் வரை தானும் போவாள்.
கத்தி தவறும் என்று பத்து விரலுக்கும்
மாவுச்சாக்குத் துணி சுற்றியிருப்பாள்.
அந்தக் கையோடேயே பென்சிலும் பிடித்தாள்.

ஒரு சொல்லுக்கு ஓர் எழுத்துக்கூட்டல்
அவளுக்குப் போதவில்லை.
பள்ளிக்கூடத்தை ஸ்கூல் என்பாள், ஸ்குயில் என்பாள்,
மனம் குளிர்ந்த நாளில் ஸ்க்வீல்.
நிலவு முதல் கடிதத்தில் ம்யூன்,
நான்காவதில் முயின்,
யார்மத் போனபின் மீன்.

ஆமாம், மீன்.
நமக்குத்தான் தூக்கிவாரிப் போடும்.
அவள் ஊரில் அது வானத்தில் இருப்பது,
ஏலத்துக்கு வராதது.

ரோனாவின் நிரலுக்குத் தெரிந்தது மூன்றே வேலை:
தோன்றல், திரிதல், கெடுதல்.
(இலக்கண வகுப்பில் தூங்காதவர்கள் தலையசைக்கலாம்.)
ஓர் எழுத்து வரலாம்,
ஒன்று இன்னொன்றாகலாம்,
ஒன்று காணாமல் போகலாம்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு காசு.
குறைந்த செலவில் போய்ச் சேர முடிந்தால்
அது உறவுக்காரச் சொல்.

இரண்டு காசு என்று வரம்பு கட்டினாள்.
ம்யூனும் முயினும் கைகோத்து வந்தன.
கூடவே பணம் வந்தது, எலும்பு வந்தது,
ஒற்றைக் காசில் ஒரு மெட்டு
முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டது.
மீனைக் காணோம்.

மூன்று காசு என்று அவிழ்த்துவிட்டாள்.
மீன் வந்தது.
காற்றும் வந்தது, மணலும் வந்தது, கையும் வந்தது.
நிலவிலிருந்து எல்லாம் ஒரே தூரம்.
எவ்வளவு அழகான தப்பு என்று
நாலு நிமிடம் பார்த்தபடி இருந்தாள்.
பிறகு அழித்தாள்.

ஜன்னல் மூட வந்தான் காவலாளி டாட்.
கையில் சாவிக்கொத்து, காதில் கால்பந்து வர்ணனை.
"பாத்தீங்களா, இன்னிக்கு மீன் என்னா பெருசு"
என்றான், கண்ணாடிக்கு வெளியே மேலே காட்டி.
யாருக்கும் எதையும் சொல்லித்தருகிற
எண்ணமெல்லாம் அவனுக்கில்லை.
அவன் அணி இரண்டு கோல் பின்னால் இருந்தது.

அவன் போனதும் ஒரு விதி எழுதினாள்:
வடகிழக்குக் கரையில்
யூவும் கடைசி ஈயும் சேர்ந்து இரட்டை ஈ ஆனால்
அரைக் காசு போதும்.
மணலை அழைக்காமல் மீன் மட்டும் வந்தது.
ஷீன் வந்தது, அவர்கள் காலணி, ஜோடியாக.
ரோனா தேநீர் போட எழுந்தாள்.
எழுந்தவள் திரையின் ஓரத்தில் எதையோ கண்டு
நின்றாள்.

முப்பத்தொன்பதாம் கடிதம்.
செயல் என்ற தலைப்பின் கீழ்
நிரல் தானாகவே சேர்த்துவைத்திருந்த வரி.
எழுத்துக்கு எழுத்து பொருத்தம்.
தொலைவு சுழியம். செலவு இல்லை.

"நம்ம ஜீம்ஸ் டீட். படகு வந்துவிட்டது.
இங்கே உப்பு விலை ஏறிக்கிடக்கிறது."

டீட்.
லண்டன் அகராதிக்கு அது செயல்,
போனால் போகிறதென்று பத்திரம்.
இனாவின் வாயில் அது செத்தவன்.

நற்செயல்களுக்கும் வீட்டுப் பத்திரங்களுக்கும் நடுவே
ஜீம்ஸ் கிடந்தான், ஏழு வாரமாக,
சரியாக எழுதப்பட்ட ஒரே காரணத்தால்.

இதற்கும் ஒரு விதி எழுதலாமா என்று பார்த்தாள்.
தோன்றல் இல்லை. திரிதல் இல்லை.
கெடுதல் இருந்தது;
எழுத்தில் இல்லை.

சுட்டியால் அந்த ஒரு வரியை நகர்த்தி
வேறு கோப்பில் வைத்தாள்.
எத்தனை காசு என்று திரை கேட்கவில்லை.
தேநீர்த் தண்ணீர் கொதித்து அடங்கிவிட்டது.

கீழே டாட் பக்கத்துக் கட்டடத்தைப் பூட்டினான்.
தோற்றிருப்பார்கள் போல.
பலமாகப் பூட்டினான்.