உப்புத் தண்ணீர் சோதனை

என் பெயர் சுலோச்சனா இல்லை.
பட்டறையை வாங்கியபோது
பெயர்ப்பலகையும் சேர்ந்து வந்தது.
மாற்றி எழுத ஆயிரத்து எண்ணூறு கேட்டான் பெயிண்டர்,
விட்டுவிட்டேன்.
ராணிப்பேட்டை சிப்காட்டில் பாதிப் பேருக்கு
நான் சுலோச்சனாதான்.

அந்தக் கடற்படை அதிகாரியும் அப்படித்தான் கூப்பிட்டார்.
காட்பாடியில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்தவர்,
டவுன் பஸ்ஸில் சேவல் கொண்டுவருகிறவர் மாதிரி
ஒரு கித்தான் பையை மடியில் அமுக்கிப் பிடித்திருந்தார்.
நாட்டின் பெயரை இரண்டு முறை கேட்டேன்,
மூன்றாவது முறை கேட்க வெட்கமாயிருந்தது.

பையில் ஒரு பம்பின் சுழலி. கன்மெட்டல்.
ஐந்து இதழ்களில் நான்கு
சப்பிப் போட்ட மாங்கொட்டையாய்த் தேய்ந்திருந்தன.
பம்பின் உடம்பு பின்னால் லாரியில் வந்தது.
"இன்னாக்கா, கப்பல்னு சொன்ன,
கைல அடங்கிப் பூட்ச்சே" என்றார் பாவாடை.

பழைய கப்பல் என்ன ஆயிற்று?
துருவைத் தட்டிக்கொண்டிருந்த பையனின் சுத்தியல்
பக்கத் தகட்டைத் துளைத்துக்கொண்டு
கடலில் விழுந்துவிட்டதாம்.
"அதற்கு என் அப்பா வயசு, மேடம்."
புதுசுக்கு?
கொஞ்சம் யோசித்தார்.
"என் அண்ணன் வயசு."

விற்றவர்கள் பெரிய நாட்டுக்காரர்கள்.
ஏவுகணைகளைக் கழற்றிக்கொண்டார்கள்,
ரேடாரில் நல்லதாய் ஒன்றைக் கழற்றிக்கொண்டார்கள்,
விருந்து வைத்தார்கள்,
தங்கள் கொடியை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள்.
மேல்தளத்தில் பதினாறு போல்ட் துளைகள் மிச்சம்.
"அங்கே கயிறு கட்டித் துணி காயப்போடுகிறோம்.
எங்கள் மீனைத் திருடுகிறவனைத் துரத்த
அந்தக் கப்பல் போதும்,
ஓடினால்."

ஓடினால் என்பதற்காகத்தான் வந்திருந்தார்.
பம்பு செய்த கம்பெனி மூடிப் பதினான்கு வருஷம்,
வரைபடம் யாரிடமும் இல்லை.
துடைத்துப் பார்த்தேன்: நடுவில் மூன்று எண்கள்,
இரண்டின் மேல் உளியால் இழுத்த கோடு.

என் லேத்தின் விலாவிலும் அப்படியொரு கோடு உண்டு.
வாணியம்பாடித் தோல்ஷெட் ஏலத்தில் எடுத்தது,
அதற்கு முன் ஒரு சர்க்கரை ஆலை,
அதற்கும் முன் தெரியாது.
அவரிடம் சொல்லவில்லை.
சொன்னால் விலையைக் குறைப்பார்.

உயிரோடிருந்த ஓர் இதழை அளந்து
மற்ற நான்கையும் ஊகித்தோம்.
வாலாஜாவில் வார்த்து வந்து
ஆறு நாள் கடைசல்.

கடல் தண்ணீரில் ஓட்டிக் காட்டச் சொன்னார்.
பாவாடை சிரித்தார்.
பாலாற்றில் மணலே இல்லை இப்போது.
ஆனால் உப்புக்கா பஞ்சம்?
ஆட்டுத்தோலில் இருந்து உதறிய உப்பு
தோல்ஷெட்டுகளின் பின்னால் குன்றாகக் கிடக்கிறது,
முடியும் மண்ணும் கலந்து, சாம்பல் நிறத்தில்.
ஆயிரம் லிட்டர் லாரித் தண்ணீரில்
முக்கால் மூட்டை கரைத்து, வேட்டியில் வடித்து,
வேண்டாம் சார் என்று நான் கத்துவதற்குள்
விரலை விட்டு நாக்கில் வைத்துவிட்டார்.
"கடல்தான்" என்றார்.
"ஆடு விழுந்த கடல்."

இரண்டு மணி நேரம் ஓடியது.
அவர் மீட்டரைப் பார்க்கவில்லை,
கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.
எத்தனை வருஷம் தாங்கும்?
கப்பலைவிட, என்றேன்.
சிரித்தார்.
அப்புறம் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

புதுசில் எந்த எண்ணைப் பொறிக்க?
"மூன்றையும். கோடுகளையும் சேர்த்து.
ஸ்டோர் பதிவேடும் கப்பலோடு வந்ததுதான்,
பழைய எண்ணில் தேடினால்தான் கிடைக்கும்."
பாவாடை உளியை எடுத்தார்.
நேற்று வார்த்த உலோகத்தின் மேல்
பழைய கோடுகளைப் புதிதாக இழுத்தார்.

பில்லில் கப்பல் என்று போட ஆடிட்டர் விடவில்லை.
தண்ணீர் பம்பு ரிப்பேர், ஒன்று.
காசோலை சுலோச்சனா பெயருக்கு.

தொட்டியைத் திறந்துவிட்டோம்.
மறுநாள் காலை சிமெண்டுத் தரையில்
வாசலைத் தாண்டி ஒரு வெள்ளை வரி.
டீக்கடை மேரியின் ஆடு
அதை நக்கிக்கொண்டே போனது,
தெருமுனைவரை, தலை நிமிராமல்.