காதுள்ள மரம்

சீனக்குடா என்றுதான் பிறந்த நாள் முதல் சொல்கிறோம்.
சீனர் ஒருவரோடு நான் கதைத்தது
போன ஐப்பசியில்,
எண்ணெய்க் குதங்களுக்குத் திரும்பும் முடக்கில்,
என் இளநிக் குலைகளுக்கு முன்னால்.

ஃபூ. ஹைனான் தீவு. கடலாழம் அளக்க வந்தவர்.
ஒன்றைக் குடித்தார். இன்னொன்றைக் காட்டினார்.
மூன்றாவதைச் சீவும்போது மழை பிடித்துக்கொண்டது.
தறப்பாளின் கீழ் இரண்டு பேரும் நின்றோம்.

அவருடைய தமிழ் எண்களோடு முடிந்துவிடும்,
என் ஆங்கிலம் விலையோடு.
மிச்சத்தைக் கைப்பேசி சொன்னது,
வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கும் குரலில்.

தேங்காய்க்கு அங்கே பழம்பெயர் ஒன்று உண்டாம்:
யுவே அரசனின் தலை.
பகையரசன் ஆளனுப்பி,
வெறியில் கிடந்தவனை வெட்டி,
தலையை மரத்தில் தொங்கவிட்டானாம்.
அது காயாகிவிட்டதாம்.
உள்ளிருக்கும் தண்ணீரில் அன்று குடித்தது இன்னும் இருக்கிறதாம்.
ஓட்டில் இரண்டு கண்.

"மூண்டு" என்றேன்.
உரித்த காயொன்றை எடுத்து
குடுமியைப் பிய்த்துக் காட்டினேன்.
குனிந்தார், விரல் வைத்து எண்ணினார்.
"கண் இரண்டு. ஒன்று வாய்."

விட்டுக்கொடுக்க மனமில்லை எனக்கு.
கோணேசர் வாசலில்
முக்கண்ணனுக்கென்று எத்தனை முக்கண் உடைத்திருக்கிறேன்!
அதிலொன்று வாயென்றால்
இவ்வளவு காலமும் ஏன் பேசவில்லை?

அவர் என் கத்தியை வாங்கி
ஈரமண்ணில் ஓரெழுத்து எழுதினார். தென்னையாம்.
இடப்பக்கம் மரம்.
நடுவில் காது.
வலப்பக்கம் ஓர் ஊர்.
காதும் ஊரும் ஓசைக்குச் சேர்த்தவை,
பொருள் தேடாதீர்கள் என்றது கைப்பேசி.

தேடாமல் எப்படி?
தொண்ணூறில் எங்கள் வளவில் பதினொரு தென்னை.
ஷெல் விழுந்து ஆறுக்கு வட்டுப் போனது.
தலை மரத்தில் தொங்கிய கதை அவர்களிடம்.
தலையில்லாத மரங்கள்
மழையிலும் வெயிலிலும் நின்ற கதை என்னிடம்.
எந்தத் திசையிலிருந்து வந்ததென்று
அவை கேட்டிருக்கும்.
அவற்றை யாரும் கேட்கவில்லை.

இதைக் கைப்பேசிக்குச் சொல்லவில்லை நான்.
மூன்றுக்குக் காசு தந்தார்.
மிச்சத்தை வாங்காமல்
மழைக்குள் இறங்கி நடந்தார்.

தறப்பாள் ஒழுகி
முதலில் ஊர் அழிந்தது,
பிறகு மரம்.
காது கொஞ்சம் ஆழமாய் விழுந்திருக்க வேண்டும்,
தண்ணீர் தேங்கி நின்றது.

முச்சக்கர வண்டியிலிருந்து ஒருவர்
"அக்கா, வழுக்கையாப் பாத்து ஒண்டு" என்றார்.
ஒன்றைத் தூக்கினேன்,
கத்திப்பிடியால் தட்டினேன்,
எப்போதும் போலக்
காதோரம் வைத்துக்கொண்டு.