படுத்த எட்டு

பாமினி எழுத்துருவில் முடிவிலிக்கு விசை இல்லை.
எட்டை அடித்து, தனிப் பெட்டிக்குள் போட்டு,
தொண்ணூறு பாகை சரித்துவிடுவேன்.
கந்தர்மடச் சந்திக் கடையில்
ஆறு வருடமாய் இதுதான் என் முடிவிலி.
கணிதம் எனக்குச் சாதாரண தரத்தோடு சரி.

கலியாண அழைப்பிதழ், கல்வெட்டு, சனசமூக நிலையக் கணக்கறிக்கை,
இடையில் தவயோகன் சேரின் ரியூசன் வினாத்தாள்.
அவர் கையெழுத்தில் முடிவிலி
கயிறு தடக்கி விழுந்த ஆட்டுக்குட்டி.

போன மாதம் அரைவாசியில் கறண்ட் போய் வந்தது.
திரும்பத் திறந்த கோப்பில்
பெட்டிகள் எல்லாம் நிமிர்ந்து நின்றதை
நான் பார்க்கவில்லை.
முந்நூற்றிருபது பிரதி:
x எட்டை அணுகும்போது எல்லையைக் காண்க.

"என்ன பிள்ளை, முடிவிலியை எழுப்பி விட்டிட்டீர்?"
சேர் கத்தவில்லை. அதுதான் கூடச் சுட்டது.
பெடியள் ஒருத்தரும் கேள்வி கேட்கவில்லையாம்.
எட்டைப் பிரதியிட்டார்கள்.
மூன்று வரவேண்டிய இடத்தில்
மேலே இருபத்தைந்து, கீழே ஆறு,
அதற்கு இரட்டை அடிக்கோடு வேறு.
"அவங்களிலயும் பிழையில்லை.
எட்டு எண்டு சொன்னால் எட்டத்தானே பாப்பாங்கள்."

கடை பூட்டுமுன் மிச்சத் தாளில்
பேனையால் திருத்திப் பார்த்தேன்.
நிற்கிற எட்டை மையால் படுக்கவைக்க ஏலாது.
தாளைத்தான் திருப்பலாம்.
திருப்பினால் எட்டு மட்டும் சரியாகிறது,
x விழுகிறது, சமன் குறி
இரண்டு வேலிக்கதியால் போல எழும்புகிறது,
நேரம் மூன்று மணித்தியாலம் என்பது
மேலிருந்து கீழே ஒழுகுகிறது.

அடுத்த வேலை ஒரு மரண அறிவித்தல்.
கொழும்புத்துறைக்காரர், எழுபத்தொன்பது வயது.
சிவதர்சினி (லண்டன்), கோபிராஜ், நிதர்சன் (சுவிஸ்)
ஆகியோரின் அன்புத் தந்தை.

நடுவில் உள்ளவருக்கு என்ன போட,
காலஞ்சென்ற என்று வருமோ என்று
தொலைபேசியில் கேட்டேன்.
சிவதர்சினி கனநேரம் பேசவில்லை.
லண்டனில் எங்கோ ஒரு பஸ் நின்று கதவு திறந்தது.
"அது போடாதேங்கோ.
இடமும் எங்களுக்குத் தெரியாது.
அடைப்புக்குறி மட்டும் போடுங்கோ, தங்கச்சி,
உள்ளுக்க ஒண்டும் வேண்டாம்."

கோபிராஜ் (      )

எத்தனை இடைவெளி விடுவது என்று
அவவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
விசையில் விரலை வைத்தேன்.
மூடும் அடைப்பு
வரியின் ஓரம் வரை நகர்ந்து,
அடுத்த வரிக்குத் தாவப் பார்த்தது.