எந்தக் கட்டத்தில் எழுதுவது

கடல் இல்லாத கடலில்
இருபத்தொரு பிள்ளைகளை இறக்கிவிட்டோம்.
ஃப்ரீஸ்லாந்தின் வடவிளிம்பு.
தண்ணீர் இங்கே நாளுக்கு இருமுறை
வெளியூர் போய்த் திரும்புகிறது.
அது போயிருந்த நேரம் பார்த்து
நான்காம் வகுப்பு உள்ளே நுழைந்தது.

வேன் ஓட்ட யாராவது வர முடியுமா என்று
டீச்சர் ஹில்க்யே கேட்டபோது
கை தூக்கியது நான் அல்ல.
என் மகள் ஃப்ரௌக்யே,
என் சார்பாக.

அணையின் புல்மேட்டில் ஆடுகள் மேய்ச்சலை நிறுத்தி
எங்கள் ரப்பர் பூட்ஸ்களைப் பார்த்தன.
ஒரு ஜோடி புத்தம் புதுசு. சிவப்பு. பதினெட்டு யூரோ.
விலையை ஏன் சொல்கிறேன் என்பது
பிறகு தெரியும்.

ஆளுக்கொரு அட்டை, அட்டையில் தாள்,
நூலில் தொங்கும் பென்சில்.
தாளில் இரண்டு கட்டங்கள்:
கண்ட உயிர்கள்.
கண்ட குப்பை.

முதல் அரை மணி சுலபமாகப் போயிற்று.
இடியாப்பம் பிழிந்து வைத்ததுபோல்
எங்கே பார்த்தாலும் மணல் சுருள்கள்.
கீழே ஒரு புழு மண்ணைத் தின்று
மேலே அனுப்பிய மிச்சம், என்றார் வழிகாட்டி சிப்கே.
"அப்படியென்றால் இது பீ," என்றான் யெல்மர்.
"ஆமாம்," என்றார் சிப்கே, மறைக்காமல்.
அதன்பிறகு
தொடாத கை ஒன்றுகூட இல்லை.

மரச்சட்டத்தைச் சேற்றில் வைத்து
உள்ளே எத்தனை சுருள் என்று எண்ணினார்கள்.
வீட்ஸ்கே: நாற்பத்தொன்று.
ஏபெலே: பத்தொன்பது.
மீதி அவன் காலுக்கடியில் இருந்தது.

அப்போதுதான் சேறு
ஃப்ரௌக்யேயின் இடது காலைப் பிடித்துக்கொண்டது.
இழுத்தேன். மகள் வந்தாள்.
பூட்ஸ் வரவில்லை.
பாயசத்தின் கடைசி வாயை உறிஞ்சுகிற
சத்தம் மட்டும் வந்தது.
வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது,
இரண்டு பேர் நிஜமாகவே விழுந்து.

முழங்கைவரை விட்டுத் துழாவினேன்.
ஆளுக்கொரு பக்கம் துழாவினார்கள்.
"கிடைத்துவிட்டது!" என்று
குட்டைப்பக்கமிருந்து செனாயிட் கத்தினாள்.

அது சிவப்பு இல்லை. கறுப்பு.
பெரிய ஆள் கால். யாருடையதோ, எந்த வருடத்ததோ.
விளிம்பெல்லாம் கொட்டலசு ஒட்டியிருந்தது.
உள்ளே கலங்கிய நீர், மூன்று இறால் குஞ்சுகள்.

"குப்பை," என்றான் யெல்மர், பையை விரித்தபடி.
"உள்ளே ஆள் இருக்கிறதே," என்றாள் செனாயிட்.
"ரப்பர் மக்காது."
"வீடும்தான் மக்காது."
டீச்சர் ஹில்க்யே வாய் திறந்தார்,
தாளைப் பார்த்தார்,
மூடிக்கொண்டார்.

ஓட்டெடுப்பு.
குப்பைக்குப் பத்துக் கை.
உயிருக்குப் பத்துக் கை.
கறுப்பு வாசலுக்கு வந்து
நகத்தளவு நண்டொன்று
இரண்டு கொடுக்கையும் தூக்கியது.
"ஆளுக்கு ஒரு ஓட்டுதான்," என்றான் ஏபெலே,
"இது செல்லாது."

பின்னால், வானத்துக்கும் சேற்றுக்கும் நடுவே
ஒரு மெல்லிய பளபளப்பு.
சிப்கே கைக்கடிகாரத்தைத் தட்டினார்:
"பன்னிரண்டு நிமிடம்."

மிச்சமிருந்தது ஒரே ஓட்டு.
என் தோளைப் பிடித்துக்கொண்டு
ஒற்றைக் காலில் நின்றிருந்தாள் அவள்,
மற்றக் காலில் நனைந்த சாக்ஸ் தொங்க.
நெடுநேரம் யோசித்தாள், பன்னிரண்டில் இரண்டு நிமிடம்.
"கிடந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்," என்றாள்.
"என்னுடையதையும் தேட வேண்டாம்."

அணைவரை முதுகில் சுமந்தேன்.
மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தபோது
நாங்கள் நின்ற இடம் தண்ணீராக இருந்தது.
பையில் இரண்டு பாட்டில்கள், ஒரு கயிறு,
யெல்மரின் கோபம்.

வேனில் அவள் தாளைப் பார்த்தேன்.
இரண்டு கட்டங்களுக்கும் நடுவிலிருந்த கோட்டின்மேல்
ஒரு பூட்ஸ் வரைந்திருந்தாள்.
டீச்சர் அதற்குச் சரியும் போடவில்லை,
தவறும் போடவில்லை. தேதி மட்டும்.

வீட்டு வாசலில் அவள் அம்மா
ஒரு சிவப்பைப் பார்த்தாள்.
"இன்னொன்று எங்கே?"
"வாடகைக்கு விட்டிருக்கிறேன்."

மாதம் ஒன்றாகிறது.
மற்றது இன்னும் கதவோரம் நிற்கிறது,
சேற்றோடு.
கழுவ எங்களுக்கு அனுமதி இல்லை.